பெல்பாஸ்ட்டுக்குப் புறப்படுவோர் அறிய வேண்டிய சொற்கள்



கடல்கடந்து கற்கச் செல்வோர்க்கு வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் விசா, கல்விக்கட்டணம், கம்பளி உடை, ஊறுகாய் என்னும் நான்கினுள் அடங்கிவிடும். அவையும் வேண்டியனவே. ஆயினும் வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்பாஸ்ட்டுக்குச் செல்லும் மாணவர், பெட்டி கட்டுமுன் சில சொற்களையும் எடைபோட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்குள்ள குயின்ஸ் பல்கலைக்கழகம் 1849இல் கல்லூரியாகத் திறக்கப்பெற்றது. 1995இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் சீமஸ் ஹீனி பயின்றதும், பின்னர் ஆசிரியராய்ப் பணியாற்றியதும் அங்கேதான். இலக்கியம் கற்பார்க்கு உகந்த இடம். ஆனால் 1960களின் இறுதி தொடங்கி, 1998ஆம் ஆண்டுப் புனித வெள்ளி உடன்படிக்கை வரை நீண்ட பூசலில் ஏறத்தாழ 3,500 உயிர்கள் மாய்ந்தன. அவற்றுள் மிகப் பல அந்நகரின் தெருக்களில் மாய்ந்தவை.

கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினர் என்று இருசாராரும் சமயப் பெயராலேயே சுட்டப்படினும், வழக்கு இறையியல் பற்றியதன்று. அயர்லாந்துக் குடியரசுடன் இணைவதா, பிரிட்டனுடன் நீடிப்பதா என்பதே வழக்கு. அதனால் அங்கே பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரே ஊர், ஒருவர்க்கு டெர்ரி, மற்றவர்க்கு லண்டன்டெர்ரி. ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தைக் கத்தோலிக்கர் பொதுவாக ‘ஹேய்ச்’ என்பர். புராட்டஸ்டண்டினர் ‘ஏய்ச்’ என்பர். ஓரெழுத்தைக்கொண்டு ஒருவரது குலமரபையே கணித்துவிடும் செவிகள் அவை!

“எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?” என்பது அயலாருக்கு வெறும் நலவிசாரிப்பு. ஆனால் அந்நாட்டுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இன்றும் தத்தம் சாராரின் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். இருசாராரும் சேர்ந்து பயில 1981இல் தொடங்கிய லாகன் கல்லூரி என்னும் முதற்பள்ளி 28 மாணவர்களோடு பிறந்தது. அவ்வகைப் பள்ளிகளில் பயில்வோர் இன்றும் பத்தில் ஒரு பங்கினை எட்டவில்லை. ஆகவே அந்தக் கேள்வி, “நீ யார் பக்கம்?” என்று ஒலித்துவிடும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் “எந்தத் தெரு?” என்று வினவுவதன் உட்பொருள் அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பெல்பாஸ்ட்டில் பிறந்த அன்னா பர்ன்ஸ், ‘மில்க்மேன்’ என்னும் தம் புதினத்தில் மாந்தர் பெரும்பாலோர்க்குப் பெயர் சூட்டவில்லை. நகரின் பெயரும் அதில் இல்லை. 2018இல் புக்கர் பரிசு பெற்ற அந்நூலைப் பயண வழிகாட்டிக்கு முன்னர்ப் படிப்பது நன்று. பெயரே ஆபத்தாகும் ஊரில் இளம்பெண் ஒருத்தி எங்ஙனம் மூச்சுவிடுகிறாள் என்பது அதில் தெரியும்.

ஃபால்ஸ், ஷாங்கில் பகுதிகளுக்கிடையே 1969இல் எழுந்த தடுப்புகள் பிற்காலத்தில் நெடுஞ்சுவராயின. 2023க்குள் இத்தகைய சுவர்கள் யாவற்றையும் அகற்றுவதென 2013இல் அரசு உறுதி பூண்டது, அது நிறைவேறவில்லை. சுற்றுலாவினர் சுவரில் கையொப்பமிட்டுப் படம் எடுத்துச் செல்கின்றனர். கற்க வந்தவருக்கு அது தகாது. உடன் அமர்ந்து பயில்பவரின் பாட்டனாரோ சிற்றன்னையோ அப்பூசலில் மாண்டிருக்கக்கூடும். அவராகச் சொல்லும்வரை காத்திருப்பதே பண்பு.

அமைதி வந்தது உண்மை, முழுதும் வந்துவிடவில்லை. போர்நிறுத்தத் தலைமுறையினரின் தற்கொலைகளைப் பற்றி எழுதிய பெல்பாஸ்ட் இதழாளர் லைரா மெக்கீ, 2019 ஏப்ரலில் டெர்ரியில் கலவரம் ஒன்றைப் பார்த்துநின்றபோது சுடப்பட்டு இறந்தார். அவருக்கு வயது 29.

மொழியறிந்தோர் மகிழும் செய்தியும் ஒன்றுண்டு. ஐரிஷ் மொழி நெடுங்காலம் கத்தோலிக்கரின் கொடியாகவே கருதப்பட்டது. புராட்டஸ்டண்டினர் மிகுந்த கிழக்கு பெல்பாஸ்ட்டில், லிண்டா எர்வின் என்னும் புராட்டஸ்டண்டுப் பெண்மணி 2011இல் அம்மொழியைக் கற்கத் தொடங்கினார்; பின்னர் அங்கேயே வகுப்புகளையும் ஏற்படுத்தினார். எதிர்ப்பும் ஏளனமும் எழுந்தன, வகுப்புகள் வளர்ந்தன. 2022இல் இயற்றப்பட்ட சட்டம் ஐரிஷ் மொழிக்கு அரசேற்பும் அளித்தது. எர்வின் அம்மையாரின் திட்டத்திற்குப் பெயர் ‘துரஸ்’. ஐரிஷ் மொழியில் அதற்குப் பயணம் என்பது பொருள்.