விழுகிற பல்லுதானே?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவத் துறைக்குப் போன பழைய மாணவிகளின் சார்பில் பேச அழைத்தீர்கள். நீரிழிவு, இருதயம், புற்றுநோய் என்று பெரிய தலைப்பு ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது சின்ன விடயம். மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் இருபது பாற்பற்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

தலைமன்னாரிலிருந்து அரிப்பு வரை எந்தக் கிளினிக்கில் இருந்தாலும் எங்கள் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. பிள்ளையின் வாயைத் திறந்து, "அம்மா, இந்தப் பல்லெல்லாம் சூத்தை" என்று சொன்னால், பக்கத்தில் நிற்கும் அம்மம்மா சிரித்துக்கொண்டே சொல்லுவா: "அது விழுகிற பல்லுதானே, பிள்ளை. விழுந்தால் நல்ல பல்லு முளைக்கும்."

பாதி உண்மைதான். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும். ஆனால் பின்பக்கத்துக் கடைவாய்ப் பாற்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. மூன்று வயதில் சூத்தையான கடைவாய்ப் பல்லோடு அந்தப் பிள்ளை இன்னும் ஏழெட்டு வருடம் சோறு சப்ப வேண்டும். அதை நேரத்துக்கு முன் இழந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பிறகு வரும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக வரும். வேரடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது கெடுக்கலாம்.

இதையெல்லாம்விடப் பெரியது வலி. சின்னப் பிள்ளைக்கு "பல்லுக் குத்துது" என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கத்தால் சப்பும். இறைச்சி, மரக்கறியைத் துப்பிவிட்டுக் கஞ்சியும் பிஸ்கட்டும் கேட்கும். இரவில் எழும்பி அழும். நிறை குறையும். முன்பள்ளியில் ஆசிரியைக்கு அது "கவனம் இல்லாத பிள்ளை". வீட்டில் அது "சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கிற பிள்ளை".

இதை நாங்கள் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்கள் மகன் பால்போச்சியோடு நித்திரையான பிள்ளை. இருவருக்கும் வேலை, இரவுக் கடமை. போச்சியைக் கொடுத்தால் வீடு அமைதியாகும். மூன்று வயதில் சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினான். காய்ச்சல் வந்த நாளெல்லாம் டோர்ச் அடித்து அவன் தொண்டையைப் பார்த்தோம். பல்லைத் தாண்டித்தான் தொண்டைக்குப் போனோம், ஆனால் பல்லைப் பார்க்கவில்லை. வேறொரு வேலையாகப் போன இடத்தில், பற்சிகிச்சையாளர் ஒருவர் விளையாட்டாக அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மேல் முன்பற்கள் நான்கும் முரசோடு ஒட்டிப் பழுப்பாகக் கரைந்திருந்தன. கடைவாயில் ஒன்று சீழ் கட்டியிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்கிய நாளில் அவனைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் எங்களுடையவை. அதனால் இன்றைக்கு எந்தத் தாயையும் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

குறை சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தோம் என்பது இங்கிருக்கும் பலருக்குத் தெரியும். 1990இல் சிலர் வள்ளத்தில் இராமேஸ்வரம் போனோம். சிலர் மடுவிலும் பேசாலையிலும் இருந்த முகாம்களில் தங்கினோம். எங்கள் முஸ்லிம் தோழிகள் அதே வருடம் ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போனார்கள். நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, மா, பருப்பு, சீனி. பாலுக்கு வழியில்லாத இடத்தில் அழுத பிள்ளைக்குச் சீனித் தேத்தண்ணி கொடுத்தார்கள். அன்று அது பசியாற்றியது, அதில் பிழையில்லை. ஆனால் அந்த நாட்கள் போன பின்பும் "பாவம், பிள்ளை கேட்குது" என்று இனிப்பைக் கொடுக்கும் கை எங்களிடம் நின்றுவிட்டது. எங்களுக்குக் கிடைக்காததையெல்லாம் பிள்ளைக்குக் கொடுக்கும் ஆசையில் ரொபியையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

சூத்தை எப்படி வருகிறது? பல்லில் புழு இல்லை. வாயில் வாழும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை விடுகின்றன, அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்புப் பட்டதும் ஏறத்தாழ அரை மணித்தியாலம் இந்தக் கரைப்பு நடக்கும். பிறகு உமிழ்நீர் அதைச் சரிசெய்யத் தொடங்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதையும் பார்க்க வேண்டும். சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டுப் பனங்கட்டி தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். ஒரு கிரீம் பிஸ்கட் பைக்கற்றைக் காலையிலிருந்து மாலை வரை கையில் வைத்துக் கொறித்தால் நாள் முழுக்கத் தாக்குதல்.

நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும். சீனி போட்ட பால்மாவோ தேத்தண்ணியோ போச்சியில் வாயோடு இருந்தால் இரவு முழுக்கப் பல் அதில் ஊறும். எங்கள் கரையோரத்து வீடுகளில் இது ஏன் கூட என்பதும் விளங்கும். தகப்பன் விடியப்புறம் தொழிலுக்குப் போக வேண்டும். தாய் அதற்கு முன் எழும்பி அடுப்பு மூட்ட வேண்டும், வெயில் ஏறமுன் மீன் வேலை பார்க்க வேண்டும். பிள்ளை எழும்பாமல் இருக்கப் போச்சிதான் உதவிக்கு ஆள்.

அந்தப் போச்சியை ஒரே நாளில் பறிக்கச் சொல்லவில்லை. முதலில் சீனியை நிறுத்துங்கள். பிறகு ஒவ்வோர் இரவும் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். இரண்டு கிழமையில் வெறும் தண்ணீராகிவிடும், பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே போச்சியை விட்டுவிடுவார்கள். ஒரு வயதிலிருந்து கோப்பையில் குடிக்கப் பழக்குங்கள். தாய்ப்பாலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம், பல் முளைத்த பின் துலக்கினால் போதும்.

இனித் துலக்குவது. ஆறு மாதமளவில் முதற்பல் வந்த அன்றே தொடங்க வேண்டும். காலை ஒருமுறை, இரவு படுக்கமுன் ஒருமுறை. இரண்டில் ஒன்றைத் தவறவிட நேர்ந்தால் இரவைத் தவறவிடாதீர்கள். புளோரைட்டுச் சேர்ந்த பற்பசை போதும்: மூன்று வயதுக்குள் ஓர் அரிசிமணி அளவு, அதன் பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போலத் தூரிகை நிறைய வைக்க வேண்டாம். பிள்ளை துப்பினால் போதும், தண்ணீர்விட்டுக் கொப்பளித்துப் பசையைக் கழுவிவிட வேண்டாம். வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சில கிணறுகளில் புளோரைட்டுக் கூடுதலாக இருப்பதால் பல்லில் வெள்ளைக் கோடோ பழுப்புக் கறையோ விழலாம். அது சூத்தை அல்ல. பற்பசையை நிறுத்தாமல் பல் வைத்தியரிடம் கேட்டு நடவுங்கள்.

உமிக்கரி, அடுப்புக்கரி, உப்பு எல்லாம் எங்கள் பாட்டிமார் பாவித்தவைதான். அன்றைக்குச் சீனி குறைவு, பல் தப்பியது. கரி பல்லைத் தேய்க்கும், ஆனால் சூத்தையைத் தடுக்காது.

ஏழெட்டு வயது வரை பிள்ளையால் தானாகச் சரியாகத் துலக்க முடியாது. பேன் பார்க்கிற மாதிரி மடியில் தலையைச் சாய்த்து, பின்னாலிருந்து துலக்கிவிடுங்கள். அப்போதுதான் உள்பக்கமும் தெரியும். மாதத்தில் ஒருநாள் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் சூத்தையின் முதற்படி. அந்தக் கட்டத்தில் துலக்கலும் புளோரைட்டும் அதைத் திருப்பிவிடும். பழுப்பாகிக் குழி விழுந்தபின் திருப்ப முடியாது, அடைக்கத்தான் வேண்டும்.

ஆறு வயதில் இன்னொரு விடயம் நடக்கும். பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். விழாமல் முளைத்ததால் இதையும் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது வாழ்நாள் பல். எங்களில் பலர் இருபது வயதுக்கு முன்பே இழந்தது அதைத்தான்.

வைத்தியம் எங்கே? எங்கள் நாட்டில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை ஒன்று இருக்கிறது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. நாங்கள் சின்ன வயதில் பயந்து ஒளித்த "பல்லுப் பிடுங்கிற மிஸ்" அந்த வழியில் வந்தவர்தான். சிறுவர்களின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பயின்றவர்கள் அவர்கள், கட்டணம் இல்லை. முதல் பிறந்தநாளோடு ஒருமுறை பல்லைக் காட்டுங்கள். வலி வந்தபின் முதன்முதலாகக் கூட்டிப்போனால் பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பயப்படும். "குழப்படி செய்தால் பல்லுப் பிடுங்குவிப்பேன்" என்று வெருட்டவும் வேண்டாம்.

கடைசியாக, இந்த மலரை லண்டனிலும் ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து வாசிக்கப்போகும் எங்கள் தோழிகளுக்கு. இது ஊர்ப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் முக்கிய காரணங்களில் ஒன்று சூத்தைப் பல். அங்கே எல்லாம் இருக்கிறது, இருந்தும் நடக்கிறது.

நீங்கள் ஊருக்கு வரும்போது சூட்கேஸ் நிறையச் சொக்கலேற் வருகிறது. அந்த அன்பு எங்களுக்குத் தெரியும், நாங்களும் ஓடிவந்து வாங்கினவர்கள்தான். அடுத்த முறை பாதி சொக்கலேற், பாதி பற்தூரிகை கொண்டு வாருங்கள். இங்கிருப்பவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வகுப்புக்கு ரொபி கொடுப்பதை விட்டு, கச்சானோ வாழைப்பழமோ ஒரு பென்சிலோ கொடுக்கலாம். எங்கள் சங்கம் உதவி செய்யும் முன்பள்ளிகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் ஒன்றாக நின்று பல் துலக்க, பெயர் எழுதிய தூரிகையும் கோப்பையும் ஒரு தண்ணீர்க் குழாயும் போதும். நூற்றாண்டு நினைவாக ஒரு கல்வெட்டு வைப்பதோடு இதையும் செய்வோம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் மகனுக்கு இப்போது பெரிய பற்கள் முளைத்துவிட்டன. ஒன்று சற்றுக் கோணலாக வந்திருக்கிறது. ஒவ்வோர் இரவும் துலக்கிவிடும்போது அதைப் பார்க்கிறோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின், பேரப்பிள்ளையின் மேலுதட்டை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.