மிஞ்சி நிற்க வேண்டும்

கல்லூரியில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான். மூடநம்பிக்கையைக் குறிக்கும் சூப்பர்ஸ்டிஷன் என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு மாணவன் விடைத்தாளில் 'சூப்பர் ஸ்டேஷன்' என்று எழுதிவைத்தான். சுழித்துவிட்டேன். ஆனால் பையன் ரொம்பத் தூரம் போய்விடவில்லை, பாருங்கள். லத்தீனில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது. ஸ்டேஷன் அதிலிருந்து வந்தது; சூப்பர்ஸ்டிஷனில் இருக்கும் 'ஸ்டி'யும் அதுதான். சூப்பர் என்றால் மேலே. ஆக, மேலே நிற்பது.

எதற்கு மேலே எது நிற்கிறது? அதில்தான் வழக்கு.

ரோமானியர்களிடம் 'சூப்பர்ஸ்டெஸ்' என்று ஒரு சொல் உண்டு. மற்றவர்கள் போன பிறகும் மிஞ்சி நிற்கிறவர் என்று பொருள். கூட நின்று பார்த்த சாட்சிக்கும் அதே பெயர். ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் பழைய நாடகங்களில் இதன் உறவுச்சொல் ஒன்று வருகிறது. அங்கே அதற்குக் குறிசொல்லி என்று அர்த்தம். வசவெல்லாம் பிறகு ஏறியதுதான்.

எனக்குப் பிடித்த விளக்கம் ரோமானியப் பேச்சாளர் சிசரோவுடையது. கிமு 45-இல் 'தெய்வங்களின் இயல்பு' என்ற நூலில், ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துச் சொல்கிறார். தங்களுக்குப் பிறகும் பிள்ளைகள் மிஞ்சி நிற்க வேண்டும் என்று நாள் முழுக்க வேண்டுதலும் பலியுமாகக் கிடந்தவர்களுக்கு வைத்த பெயராம் அது. மொழியியலார் இதை அப்படியே ஒத்துக்கொள்வதில்லை. போகட்டும்.

இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், எங்க ஆயா தினமும் இதைத்தான் வேண்டுது. விளக்கேத்திட்டு, 'என் பிள்ளைங்களை நான் தூக்கிக் குடுக்கக் கூடாது, நான் முன்னாடி போயிடணும்'னு சொல்லும்." வகுப்பு கப்சிப். 'எனக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளைக்கு நான் வைக்கிறேனே' என்ற அழுகையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? கரும்பலகையில் மூடநம்பிக்கை என்று எழுதப் போன கை நின்றுவிட்டது. (கண்ணை மூடிக்கொண்டு நம்புவதால் மூடநம்பிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வடமொழி 'மூட', மதி மயங்கிய என்று பொருள்.)

சிசரோவிடம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க ஆசை. அந்த நூலை எழுதிய அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அவருடைய ஒரே மகள் துல்லியா இறந்துபோனாள். பிரசவம் ஆகிச் சில வாரம். மனுஷர் அஸ்தூரா என்ற கடலோர வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து நண்பர் அட்டிகஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம்: மகளுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும். கல்லறை இல்லை, கோயில். திபேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோட்டம் ஏதாவது விலைக்கு வருமா, விசாரித்துச் சொல். அந்த மனம் ஆறாத தந்தைதான் சில மாதங்களில், பிள்ளைகள் மிஞ்சி நிற்க வேண்டிக்கொண்டவர்களைப் பற்றி எழுதுகிறார். பக்தி வேறு, மூடநம்பிக்கை வேறு என்று பிரித்தும் காட்டுகிறார். அந்த வரியை எழுதும்போது மனசில் என்ன ஓடியிருக்கும்? நூலில் துல்லியாவின் பெயர் அந்த இடத்தில் இல்லை.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சொல்லின் மிச்சக் கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கிபி 112 வாக்கில் பிளினி என்ற ரோமானிய ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதும்போது கிறிஸ்தவத்தை இந்தச் சொல்லால் திட்டுகிறார். வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் அப்படியே. 341-இல் கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டான்டியஸ் பழைய பலிச்சடங்குகளை நிறுத்தச் சட்டம் போட்டபோது, அதே சொல் திரும்பி ரோமின் பழைய தெய்வங்கள் பக்கம் பாய்ந்தது. பிறகு பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து, அங்கிருந்து நம் பாடப்புத்தகம். கீரிப்பிள்ளை மாதிரி ஒரு பிராணி குறுக்கே போனால் மூன்று கல் எறியாமல் நகர மாட்டாத ஆசாமி ஒருவரைப் பற்றிக் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். பூனையைக் கண்டு ஸ்கூட்டரை நிறுத்துகிற நேயர்களுக்காக அவரை வைத்திருந்தேன். இன்னொரு நாள் கூட்டி வருகிறேன்.

அந்தப் பெண்ணின் ஆயா இப்போது இருக்கிறாரோ என்னவோ. அவருடைய பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.