விலையேற்றமும் அடுக்களைச் சிக்கனமும்

பண்டங்களின் விலை ஏறும்பொழுது, குடும்பத்தின் வரவு செலவு முதலில் ஆட்டங்காண்பது அடுக்களையிலேதான். வீட்டு வாடகையைக் குறைக்க முடியாது. பஸ் கட்டணத்தையும் குறைக்க முடியாது. ஆகவே, உலையிலிடும் அரிசியிலும் கறிக்கு வாங்கும் மீனிலுமே கைவைக்கின்றோம்.

இது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1953 ஆம் ஆண்டில் கூப்பன் அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆந் திகதி பெரும் ஹர்த்தால் நிகழ்ந்தது. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலைகள் ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. அஃதாவது, முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவிற்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்தது. ஆயினும், ஏறிய விலை பழைய இடத்திற்கு இறங்கி வரவில்லை.

எப்படிச் சிக்கனம் செய்வது என்று கேட்பதற்கு முன், எவருடைய வயிற்றில் சிக்கனம் செய்கின்றோம் என்று கேட்டல் நன்று. பல வீடுகளிலே கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மீன் துண்டுகளைப் பரிமாறிவிட்டு, எஞ்சிய குழம்பிலே சோற்றைப் பிசைந்து உண்பவள் தாய். கணக்கிலே அது மிச்சமாகத் தோன்றும். ஆனால், கருவுற்றவளும் பாலூட்டுபவளும் நாள்தோறும் அவ்வாறு உண்பாராயின், அது மிச்சமன்று. பின்னர் தாயும் சேயும் சேர்ந்து இறுக்கவேண்டிய கடனாகும்.

ஆகவே, உண்பவர் வயிற்றைச் சுருக்காமல் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, எரிபொருள். பயறு, கடலை, கௌபி ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவிட்டால் விரைவில் வேகும். பானை கொதிக்கத் தொடங்கியதும் மூடியிட்டு நெருப்பைத் தணித்துவிடுங்கள். கொதிக்கும் நீர், நெருப்பைக் கூட்டுவதனால் மேலும் சூடாவதில்லை. விறகும் எரிவாயுவுமே வீணாகின்றன.

இரண்டாவது, அரிசி. பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்து ஊற்றினால், பணங்கொடுத்து வாங்கிய உயிர்ச்சத்தின் ஒரு பகுதி வடிகாலிற் போய்விடும். வடித்த கஞ்சியில் உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பருகலாம். தீட்டிய பச்சையரிசியைவிடப் புழுங்கலரிசியில் இச்சத்து மிகுதியாக உண்டு.

மூன்றாவது, கறி. மீன் வாங்க இயலாத நாளிலே, சோற்றுடன் பயறோ பருப்போ சேர்ந்தால், ஒன்றிலுள்ள குறையை மற்றொன்று நிரப்பி நல்ல புரதத்தைத் தரும். நெத்தலிக் கருவாடு சிறிதளவாயினும், முள்ளோடு உண்ணப்படுவதனால் சுண்ணாம்புச் சத்தையும் தருகின்றது. வேலியோரத்து முருங்கையிலையை வறையாக்கித் தேசிக்காய்ப்புளி விட்டு உண்டால், இலையிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்து ஒடியற்கூழை எண்ணிப் பாருங்கள். ஊறவைத்துக் கசப்புநீர் நீக்கிய ஒடியல் மாவுடன் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகியவற்றையும், கிடைத்த மீனையும் இட்டுக் காய்ச்சுகின்றோம். ஒரு துண்டு மீனுக்குரியவர் ஒருவர் என்றில்லாமல், ஒரே பானையின் சுவையும் சத்தும் எல்லோருக்கும் ஆகின்றன. பிளாவை ஏந்திச் சுற்றியிருப்போரில் சமைத்தவளும் ஒருத்தியாக அமர்கின்றாள்.

சிக்கனத்தின் முறைகள் பலவாயினும் அதன் நெறி இதுவே. வீணாவதைக் குறையுங்கள், ஒருவருடைய பங்கைக் குறைக்காதீர்கள். இன்றிரவு சோறு பரிமாறும்போது, அம்மாவின் கோப்பையையும் மற்றக் கோப்பைகளுடன் வைத்து, அவருக்குரிய பங்கை முதலிலேயே இட்டுவிடுங்கள். அதற்குச் சதமேனும் செலவில்லை.