யாருடைய மறுமலர்ச்சி?
(அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, மயிலாப்பூர்)



பண்டிதர் அயோத்திதாசர் 1914 மே 5 அன்று மறைந்தார். அவர் நினைவாக நிகழும் இந்த உரைக்கு ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்திருக்கிறோம்: மறுமலர்ச்சி. இங்கே வந்திருக்கும் மாணவர்களில் பலர் அதைத் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். நாங்கள் படித்த காலத்திலும் அது மனப்பாடம் செய்து எழுதும் விடையாகத்தான் இருந்தது. இன்று அதை நம் தெருவில் வைத்துப் படிப்போம்.

இத்தாலியில் 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த எழுச்சி இங்கிலாந்துக்குத் தாமதமாகவே வந்தது. 16ஆம் நூற்றாண்டில்தான் அங்கே செழித்தது. அதன் பண்புகளை நான்காகச் சுருக்கலாம். கிரேக்க, லத்தீன் ஏடுகளைத் தேடி எடுத்துப் புதிதாக வாசித்தார்கள். இது முதல் பண்பு. இரண்டாவது அச்சு: வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்தார். மூன்றாவது மக்கள் மொழி. கலப்பை பிடிக்கும் சிறுவனும் வேதத்தை அறிய வேண்டும் என்று விரும்பிய வில்லியம் டிண்டேல், புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து 1526இல் அச்சிட்டார். 1536இல் அவரைக் கொன்று எரித்தார்கள். நான்காவது மனிதனை மையப்படுத்துவது. மார்லோவின் ஃபாஸ்டஸும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் அந்த மண்ணில் பிறந்தவர்கள்.

பாடநூல் இங்கே நின்றுவிடுகிறது. ஆனால் அதே இங்கிலாந்திலிருந்துதான் 1562இல் ஜான் ஹாக்கின்ஸ் ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்கக் கப்பலேறினார். ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்த 1600இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் பெற்றது. மனிதன் மையத்துக்கு வந்த காலத்திலேயே, யாரெல்லாம் மனிதர் என்ற எல்லையும் வரையப்பட்டது. ஆகவே எந்த மறுமலர்ச்சியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மலர்ந்தது யாருக்கு?

தமிழ் மறுமலர்ச்சியிடமும் இதையே கேட்போம். ஆறுமுக நாவலர், சி.வை.தாமோதரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையர் என்று அந்த வரலாறு சொல்லப்படுகிறது. ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்த உ.வே.சா., 1887இல் சீவக சிந்தாமணியையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அவர் பெயரிலான நூலகம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அதன் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு உழைப்பைப் பற்றியே பேசுகிறோம்.

மணிமேகலை அச்சேறிய அதே 1898இல் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒருவர் பௌத்தக் காப்பியத்தை ஏட்டிலிருந்து மீட்டார். இன்னொருவர் பௌத்தத்தையே வாழ்க்கைக்கு மீட்டார். நம் பாடத்திட்டம் முதலாமவரை இலக்கியம் என்றது. இரண்டாமவரைச் சாதிச் சங்கத்துக்காரர் என்று ஒதுக்கியது.

நான்கு பண்புகளையும் பண்டிதரிடம் பொருத்திப் பாருங்கள். நிகண்டுகளையும் காப்பியங்களையும் வைத்து அவர் இந்நாட்டின் பௌத்த வரலாற்றை எழுதினார். குறளைத் 'திரிக்குறள்' என்றே அழைத்துப் பௌத்த நூலாக வாசித்தார். ஆரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்றும் எழுதியிருக்கிறார். இந்த மயிலாப்பூரில் வள்ளுவருக்குக் கோயில் இருக்கிறது. கந்தப்பன் பெயரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

அச்சும் மக்கள் மொழியும் அவரிடம் ஒரே காரியமாயின. 1907 ஜூன் 19, புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்க வார இதழ், விலை ஒரே ஒரு பைசா. யார் வாசிக்க வேண்டும் என்பதை அந்த விலையே சொல்லிவிட்டது. மனிதன் என்ற நான்காவது பண்பில் அவர் லண்டனையும் தாண்டிப் போனார். 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று அவர் சொன்னபோது, பிறப்பால் யாரையும் வெளியே நிறுத்தாத ஒரு மனிதரைச் சொன்னார்.

பிறகு என்ன நடந்தது? அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. அதுவரை அந்தப் பழைய இதழ்களைக் காத்தவை பெரிய நூலகங்கள் அல்ல; பெரிதும் நம் மக்களின் வீடுகளும் கோலார் தங்கவயல் போன்ற இடங்களில் இயங்கிய பௌத்தச் சங்கங்களும்தான். எழுத்து அச்சேறுவது மட்டும் மறுமலர்ச்சி ஆகாது. அதைக் காக்க நூலகம் வேண்டும், கற்பிக்க வகுப்பறை வேண்டும், மறுபடி அச்சிடப் பணம் வேண்டும். இம்மூன்றும் யார் கையில் இருந்தனவோ, அவர்களின் மலர்ச்சியே 'தமிழ் மறுமலர்ச்சி' என்று பெயர் பெற்றது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய இதழோ, சங்கத் துண்டறிக்கையோ, மனுவின் நகலோ கிடைக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். படம் எடுங்கள், எழுதி வையுங்கள், பொதுவில் சேர்த்திடுங்கள். உ.வே.சா. ஏடு தேடிய கதையை நமக்குக் கற்பித்தார்கள். நம் ஏடுகளை நாம்தான் தேட வேண்டும். அடுத்த முறை தேர்வில் மறுமலர்ச்சியின் பண்புகளை விளக்குக என்று கேட்டால், காக்ஸ்டனுக்குப் பக்கத்தில் ராயப்பேட்டையையும் எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், விடை சரியானது.

ஜெய்பீம்.