ஆணி பிடுங்கும் கருவி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆணி பிடுங்கும் கருவி. அழைப்பிதழில் இத்தலைப்பைக் கண்டு சில இளைஞர்கள் நகைத்தனர் என்று கேள்வியுற்றோம். நகைக்கட்டும், அதிலே நமக்கு வருத்தமில்லை. ஆணி அடிக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுக்க ஊருக்குப் பத்துப் பேர் உளர். அடித்த ஆணியை மரம் கெடாமல் எடுத்துக் காட்டுவார்தாம் அரியர். தச்சும் கொல்லும் பரம்பரைத் தொழிலாய்க் கொண்ட நம்மவருள்ளும் இக்கருவியை ஆராய்ந்து வாங்குவோர் மிகச் சிலரே. சுத்தியலின் பின்புறம் பிளந்திருந்தால் போதும், அது ஆணி பிடுங்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

இதனை இப்போது பேசவேண்டிய அவசியம் யாது? போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தோட்டங்களில் ஏலக்காய் உலர்த்தும் பழைய ஸ்டோர்களையும் பழைய மரவீடுகளையும் பிரிக்கும் வேலை நம்மவர்க்கு அடிக்கடி வருகிறது. பிரித்தெடுக்கும் உத்தரமும் கைமரமும் பலகையும் பலாவாகவோ வேங்கையாகவோ தேக்காகவோ இருந்துவிட்டால், அவை கூலியினும் மேலான செல்வமாம். ஏலமலைக் காட்டிலே நிலத்துக்கு அதிகாரி வருவாய்த் துறை. மரத்துக்கு அதிகாரி வனத்துறை. தோட்டத்துக்கு உரியவரேயாயினும் நிழல் மரத்தை நினைத்தபடி வெட்டுதற்கில்லை. ஆகவே புதுமரம் கிடைப்பது அரிது. பழைய மரத்துக்கே கிராக்கி. அப்படிப்பட்ட பலகையை, ஆணி வரவில்லையென்று கடப்பாரையால் நெம்பிப் பிளந்து விறகாக்கிவிட்டுப் பின்னர் வருந்துவோரைப் பன்முறை கண்டிருக்கிறோம்.

பழங்காலத்தில் விஷயம் நேர்மாறாக இருந்தது. அந்நாளில் ஆணி அருமை, மரம் மலிவு. ஒவ்வோர் ஆணியும் உலைக்களத்தில் காய்ச்சி அடித்துச் செய்ததன்றோ? ரோமாபுரிச் சேனை கி.பி. 87-ஆம் ஆண்டையொட்டி ஸ்காத்லாந்து தேசத்தில் இஞ்ச்துதில் என்னும் பாசறையைக் கைவிட்டுப் போகையில், 8 லட்சத்துக்கு மேற்பட்ட ஆணிகளைக் குழிதோண்டிப் புதைத்துச் சென்றது. அந்த இரும்பு பகைவர் கையில் சிக்கலாகாது என்பதே காரணம் என்பர். 1960-ஆம் ஆண்டில் அகழ்ந்தோர் அதனைக் கண்டெடுத்தனர். அமெரிக்காவிலோ, வர்ஜீனியாக் குடியேற்றத்தில் இடம்பெயர்ந்து செல்வோர் ஆணிக்காகப் பழைய வீட்டையே கொளுத்திவிட்டுச் சாம்பலைக் கிளறுவது வழக்கமாயிற்று. அதைத் தடுக்க 1645-ஆம் ஆண்டில் சட்டம் செய்து, வீட்டைக் கொளுத்தாது விட்டுச் செல்வோர்க்கு அவ்வீட்டிலுள்ள ஆணிகளை மதிப்பிட்டு அதே அளவு ஆணி கொடுப்பதாக ஏற்பாடு செய்தனர். ஆணிக்காக மரத்தை எரித்த காலம் அது. கம்பியாணி இயந்திரத்தில் கொட்டும் இக்காலத்தில் மரத்துக்காக ஆணியை எறிகிறோம். ஆதலால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி, "இது ஆணியை எடுக்குமா?" என்பதன்று, "எடுத்தபின் மரத்தை எந்நிலையில் விட்டுச் செல்லும்?" என்பதேயாம்.

முதலில் ஆணியின் இயல்பை அறிதல் வேண்டும். கொல்லன் அடித்த பழைய ஆணி நான்கு பட்டையாய், மேலே பருத்துக் கீழே சிறுத்து வருவது. அது எளிதில் அசையாது; ஆனால் கால் அங்குலம் எழும்பிவிட்டால் பின்பு தானாகவே கழன்று வரும். கம்பியாணியோ தலை முதல் நுனி வரை ஒரே பருமன். கடைசி நூல் வரை இழுத்தாலன்றி விடாது. மலைமேல் மூடுபனியும் மழையும் பட்டுத் துருவேறிய ஆணி இவ்விரண்டினும் பொல்லாதது. இரும்பு துருவாகும்போது பருமன் பெருகி மரத்தின் நாரை இறுகப் பற்றிக்கொள்ளும். அதே சமயத்தில் உடல் மெலிந்து தலை முறிந்துபோகும். இத்தகைய ஆணியை மேல்நோக்கி இழுக்குமுன் ஒரே ஒரு தட்டு உள்நோக்கித் தட்டவேண்டும். பற்றுவிட்ட சத்தம் காதில் விழும். அதன்பின் இழுத்தால் பாதி வேலை மிச்சம்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். பிளவுள்ள சுத்தியலை யாவரும் அறிவீர். அது நெம்புகோலின் தத்துவத்தால் வேலை செய்கிறது. மரத்தின்மேல் ஊன்றி நிற்கும் இடத்திலிருந்து ஆணி 1½ அங்குலமும், கை பற்றுமிடம் 12 அங்குலமும் தள்ளியிருந்தால், நம் கையின் விசை 8 மடங்காகும். 20 கிலோ விசையில் இழுத்தால் ஆணியின்மேல் 160 கிலோ விசை செல்லும். ஆனால் ஆணி எழும்ப எழும்ப, சுத்தியல் உருண்டு ஊன்றுமிடம் ஆணியைவிட்டு விலகுகின்றது, மடங்கும் குறைகின்றது. ஆணியும் வளைந்து துவாரத்தை நீளவாக்கில் கிழிக்கிறது. பாதி எழும்பியதும் சுத்தியலின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் இவ்விரு தீங்கும் நீங்கும். பலகையில் பள்ளமும் விழாது. காசில்லாமல் கிடைக்கும் இந்தக் கட்டையை வைக்கத்தான் நம் இளைஞர்களுக்குப் பொறுமையில்லை!

தலை போன ஆணிக்கும் சிறு ஆணிக்கும் குறடே சிறந்தது. நம் முன்னோர் பெட்டியில் குறடு இல்லாத நாளில்லை. நல்ல குறட்டின் வாய் வட்டமாய்ப் புடைத்திருக்கும். ஆணியைக் கவ்வி, கைப்பிடியைப் பக்கவாட்டில் சாய்த்து உருட்டினால் அப்புடைப்பே ஊன்றுகோலாகி ஆணி சிறிது சிறிதாக எழும். நேராக மேல்நோக்கி இழுப்பது வீண் பிரயாசை. வாயின் விளிம்பு மிகக் கூராயிருந்தால் ஆணியை வெட்டிவிடும். மிக மழுங்கலாயிருந்தால் நழுவும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே வேண்டும். மின்வேலைக்காரர் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரால் இவ்வேலையைச் செய்ய முயல்வது, இழைப்புளியால் விறகு பிளப்பதை ஒக்கும்.

தலை மரத்துள் புதைந்துபோன பெரிய ஆணிக்கு, முனை வளைந்து பிளந்த சிறு நெம்புகம்பி வேண்டும். அதன் முனையை ஆணித் தலையின் அடியில் தட்டி இறக்கி எழுப்புவர். மரத்தில் ஒரு குழி விழுவது நிச்சயம். ஆதலால் பலகையின் முகத்தில் அதைத் தொடாது, மறையும் பக்கத்திலும் உத்தரத்திலும் மட்டும் உபயோகித்தல் முறை. துறைமுகங்களில் பெட்டி திறக்க வழங்கிய மற்றொரு கருவியும் உண்டு. இரு தாடைகளும், மேலும் கீழும் ஓடுகின்ற கனத்த கைப்பிடியும் கொண்டது. கைப்பிடியை ஓங்கி இறக்கினால் தாடைகள் மரத்துள் புகுந்து தலையைக் கவ்வும். ஆணி தப்பாது வரும். தாடை புகுந்த இரு வடுக்களும் தப்பாது நிற்கும்.

பெட்டி என்றதும் நம் ஊரின் பழைய செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் அதற்குப் பதிலாகச் சிறு ரயில்பாதையும் போடப்பட்டன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துச் சென்றது. அந்நாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியேறிப் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தன. தேயிலைப் பெட்டியின் பலகை மெல்லியது. ஓரங்களில் தகரப்பட்டை வைத்துச் சிறு ஆணி அடித்திருக்கும். அப்பலகையை வீட்டுக்கு அலமாரித் தட்டாக்கிக் கொண்டவர் தென்னாட்டில் பலர். சுத்தியலால் நெம்பினால் ஓரம் பிய்ந்துவிடும் இப்பெட்டிக்குச் சிறு குறடும் தட்டையான இரும்புப் பட்டையுமே ஏற்றவை. வேலைக்கேற்ற கருவி என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் நாம் காணோம்.

கடையில் பார்த்து வாங்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறோம். ஜலந்தர், நாகௌர் முதலிய ஊர்களின் பட்டறைச் சாமான்கள் நம் பக்கத்துக் கடைகளுக்கும் வருகின்றன. நல்லதும் வரும், அல்லாததும் வரும். பளபளப்பையும் கனத்தையும் கண்டு மயங்கலாகாது. கடைக்குப் போகும்போது 1 அங்குலம், 2 அங்குலம், 4 அங்குல ஆணிகளில் ஒவ்வொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செல்லுங்கள். பிளவின் அடிமூலை ஊசிபோல் ஒடுங்கியிருக்கிறதா, உள்விளிம்பு இருபுறமும் சரிவாய்த் தேய்த்துக் கூராக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1 அங்குல ஆணியைத் தலையில் அன்றி உடலிலே பிளவுக்குள் செருகி இழுத்தால் அது கவ்வவேண்டும். கவ்வாது நழுவினால் அக்கருவி தலையுள்ள ஆணிக்கு மட்டுமே உதவும். நமக்குத் தொல்லை கொடுப்பதோ தலையில்லாத ஆணி.

பிறகு இரும்பைப் பாருங்கள். வார்ப்பில் ஊற்றியது முறியும். காய்ச்சி அடித்த எஃகே தாங்கும். வார்ப்பின் உடம்பில் மணல்போன்ற சொரசொரப்பு பெரும்பாலும் காணும். பிளவின் நுனியில் அரத்தை மெல்ல வைத்து இழுத்தால் அரம் சிறிதே பற்றவேண்டும். வழுக்கிச் சென்றால் மிகையான பதம், நுனி தெறித்துவிடும். வெண்ணெயில்போல் இறங்கினால் பதம் போதாது, பிளவு விரிந்துவிடும். (கடைக்காரர் முகம் சுளிப்பார், அவரிடம் முன்னரே சொல்லிவிட்டுச் செய்வது நலம்.) நம் அன்பர் ஒருவர் வெளியூரில் வாங்கிவந்த சுத்தியல் மூன்றாவது ஆணியிலேயே வாய் விரிந்துபோயிற்று. அதை அவர் இன்று தேங்காய் உடைக்க வைத்திருக்கிறார்.

மரக்கைப்பிடியுள்ள சுத்தியல் அடிப்பதற்கு இனிது. பெரிய ஆணியை நெம்புவதற்கு ஆகாது. கழுத்தில்தான் முழு விசையும் விழும், அங்கேதான் முறியும். கருவேலங் கைப்பிடியாயினும், ரேகை நேராக ஓடாது குறுக்கே வெட்டியிருந்தால் வாங்காதீர். பிரிக்கும் வேலையே மிகுதியாகச் செய்வோர் தலையும் பிடியும் ஒரே எஃகாயுள்ளதையோ நெம்புகம்பியையோ வைத்துக்கொள்க.

பிளவு ஆணிக்கடியில் புகாவிடில் ஒரு சுத்தியலின் தலையில் மற்றொரு சுத்தியலால் அறையும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. பதமேற்றிய இரு முகங்கள் மோதினால் சில்லு தெறிக்கும். அது கண்ணைத் தேடி வரும். கொட்டாப்புளியால் தட்டுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

தாய்மார்கள் கேட்கவேண்டிய செய்தி ஒன்று. பிடுங்கிய ஆணியையும் ஆணியோடுகூடிய பலகையையும் முற்றத்தில் போட்டு வைக்கிறோம். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுகின்றன. ஆணி குத்தினால் வரும் ரணஜன்னிக்குத் துருவே காரணம் என்று பலர் நம்புகின்றனர். காரணம் துருவன்று, மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் ஒரு கிருமி. ஆழமாய்க் குத்திய புண்ணில் காற்றுப் புகாதாகையால் அது அங்கே பெருகும். ஆகவே பளபளக்கும் புது ஆணி குத்தினாலும் அபாயம் அதே அபாயந்தான். புண்ணை நன்கு கழுவி, வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிக்கும் இடத்தில் ஒரு தகர டப்பாவை வைத்து, எடுத்த ஆணியை எடுத்த கையோடு அதில் போடும் வழக்கம் வரவேண்டும். மர அறுவை ஆலைக்காரரும் நம்மை வாழ்த்துவர். உள்ளே மறைந்த ஓர் ஆணி அவருடைய வாளின் பற்களைக் கெடுத்துவிடுமன்றோ?

ஏலக்காய் உலர்த்தும் தட்டுகளைப் பழுதுபார்ப்போர்க்கு இன்னும் ஒரு சொல். மரச்சட்டத்தில் கம்பிவலையைச் சிறு ஆணிகளால் இறுக்கியிருக்கும். வலையை மாற்றும்போது அவ்வாணிகளைச் சிறு குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக்கொள்க. வலையோடு சேர்த்துப் பிய்த்தால் சட்டம் பிளக்கும். முறிந்த ஆணித்துண்டு காயோடு கலந்து மூட்டைக்குள் போகும். வாங்குவோர் கைநிறையக் காயை அள்ளிப் பார்க்கும் வியாபாரத்தில் இது சிறு குற்றமாகாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு மூவகைக் குறடும் இருவகை நெம்புகம்பியும் கொண்டுவர ஏற்பாடு செய்துள்ளோம். வருவோர் ஆணியேறிய பழம்பலகைத் துண்டொன்றைக் கையோடு கொண்டு வந்தால் அவரவரே பிடுங்கிப் பார்த்துக்கொள்ளலாம். கட்டைகள் நம்மிடம் உண்டு.