கையெழுத்திடும் முன் ஒரு பார்வை: வன்தட்டுகளைக் கட்டளை வரியில் காப்போம்

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிக் கணினிகளில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாடக் காணொலிகள், ஆண்டு விழாப் படங்கள், பழைய வினாத்தாள்கள், மாணவர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசித்த குழந்தைக்கு, ஐந்தாம் வகுப்பில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினால் தன் வளர்ச்சியைத் தானே கேட்கும். பாடநூல் கோப்பு அழிந்தால் மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். அந்தக் குரலை எங்கே போய்ப் பதிவிறக்குவது? இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு வன்தட்டில்தான் இருக்கின்றன. வன்தட்டோ என்றாவது ஒரு நாள் நின்றுபோகும் பொருள்.

ஒவ்வொரு தட்டுக்கும் முழு நகல் வைத்தால் செலவு இரட்டிப்பாகும். மூன்று தட்டுகளுக்குப் பொதுவாக ஒரே ஒரு கூடுதல் தட்டு வைத்துக் காக்கும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பேரிட்டி என்று பெயர். கரும்பலகையில் ஒரு கூட்டல் போட்டாலே புரிந்துவிடும்.

மூன்று தட்டுகளில் 7, 5, 4 என்ற எண்கள் இருக்கின்றன. நான்காவது தட்டில் அவற்றின் கூட்டுத்தொகை 16 என்று எழுதி வைக்கிறோம். இரண்டாம் தட்டு பழுதாகிவிட்டது. 16இலிருந்து 7ஐயும் 4ஐயும் கழித்தால் 5 கிடைக்கிறது. போனது திரும்பி வந்துவிட்டது. கணினி கூட்டலுக்குப் பதிலாக ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்க்கிறது. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருந்தால், 1களின் எண்ணிக்கை இரட்டைப்படை. எனவே பேரிட்டி 0. எண்ணிக்கை ஒற்றைப்படையானால் பேரிட்டி 1. எப்போதும் மொத்தம் இரட்டைப்படையாகவே வரும் என்பதால், ஒன்று காணாமற்போனால் அது 0வா 1ஆ என்று கண்டுபிடித்துவிடலாம். ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு இதை வகுப்பிலேயே விளையாட்டாகச் செய்து காட்டலாம்.

பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் ரெய்டு என்ற பெயரும் இந்த முறையும் பரவலாயின. வழக்கமான ரெய்டு முறையில், கோப்பை எழுதும் ஒவ்வொரு கணமும் பேரிட்டி மாறும். நான் இன்று சொல்லப்போவது ஸ்நாப்ரெய்டு என்ற இலவச மென்பொருள். லினக்ஸிலும் விண்டோஸிலும் இயங்கும். இது நாம் கட்டளையிடும்போது மட்டுமே பேரிட்டியைக் கணக்கிடும். அடிக்கடி மாறாத படங்களுக்கும் காணொலிகளுக்கும் இது ஏற்றது.

அமைப்பு எளிது. ஏற்கெனவே கோப்புகள் உள்ள தட்டுகளை அப்படியே சேர்க்கலாம். அழித்துத் தொடங்க வேண்டியதில்லை. பேரிட்டித் தட்டு மட்டும் மற்றவற்றில் மிகப் பெரியதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஓர் அமைப்புக் கோப்பில் பேரிட்டி எங்கே, தரவுத் தட்டுகள் எவை, கன்டென்ட் என்னும் பட்டியல் கோப்பு எங்கே என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலை ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகளில் வையுங்கள். ஒரு பேரிட்டித் தட்டு ஒரு தட்டின் பழுதையே தாங்கும். இரண்டு ஒருசேரப் போனால் அவற்றில் உள்ளவை போய்விடும். மற்ற தட்டுகளில் உள்ளவை அப்படியே இருக்கும்.

இனி கட்டளைகள். ஒலிப்பின்படி சொல்கிறேன். தட்டச்சு செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள். முதலில் ஸ்நாப்ரெய்டு, ஓர் இடைவெளி, பிறகு கட்டளைச் சொல்.

டிஃப்: கடைசியாகக் கணக்கிட்டதற்குப் பிறகு எத்தனை கோப்புகள் சேர்ந்தன, மாறின, நீங்கின என்று காட்டும். எதையும் மாற்றாது.

சிங்க்: இன்றைய நிலையைச் சரியென ஏற்றுப் பேரிட்டியைப் புதிதாகக் கணக்கிடும்.

ஃபிக்ஸ்: இழந்ததை மீட்கும்.

ஸ்க்ரப்: தட்டில் உள்ளவை சத்தமில்லாமல் கெட்டிருக்கின்றனவா என்று சோதிக்கும். ஒரு முறை இயக்கினால் சுமார் 8 விழுக்காட்டைப் பார்க்கும். வாரம் ஒரு முறை இயக்கினால் மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடியும்.

இந்த நான்கில் மிகுந்த கவனம் வேண்டியது சிங்க். திங்களன்று சிங்க் செய்தோம். செவ்வாயன்று யாரோ இடம் போதவில்லை என்று குரல் பதிவுக் கோப்புறையை நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதனன்று டிஃப் பார்த்தால் நீங்கியவை 120 என்று தெரியும். உடனே ஃபிக்ஸ், சிறுகோடு எம், பிறகு சிறுகோடு எஃப், கோப்புறையின் பெயர், சாய்கோடு என்று கொடுத்தால் காணாமற்போனவை மட்டும் மீளும். பார்க்காமல் சிங்க் கொடுத்துவிட்டால்? 7, 5, 4இல் 5 போன பின் மீதியைக் கூட்டி, 16ஐ அழித்துவிட்டு 11 என்று எழுதியதற்குச் சமம். 11இலிருந்து 7ஐயும் 4ஐயும் கழித்தால் மிஞ்சுவது சுழியம். அந்தக் குரல்கள் இனி வாரா.

வருகைப் பதிவேட்டில் வந்தோர், வராதோர் எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் நாம் கையெழுத்திடுவதில்லை. சிங்க் என்பதும் கையெழுத்துதான். முதலில் டிஃப், பிறகு சிங்க். ஒரு தட்டில் இருந்த எல்லாக் கோப்புகளும் காணவில்லை என்றால் மென்பொருளே சிங்க் செய்ய மறுத்து நிற்கும். வடம் கழன்றிருக்கலாம், தட்டு இணைக்கப்படாமல் இருக்கலாம். அப்போது கட்டாயப்படுத்தும் விருப்பத்தைக் கொடுக்காமல் தட்டைப் போய்ப் பாருங்கள்.

தட்டு உண்மையிலேயே பழுதானால், புதிய தட்டைப் பொருத்தி, அமைப்புக் கோப்பில் பழைய தட்டின் இடத்தில் அதன் முகவரியை எழுதி, அந்தத் தட்டின் பெயரைச் சொல்லி ஃபிக்ஸ் கொடுக்க வேண்டும். பிறகு செக் கட்டளையால் சரிபார்த்து, இறுதியில்தான் சிங்க். அதுவரை மற்ற தட்டுகளில் எதையும் நீக்கவோ திருத்தவோ கூடாது. 7 என்பது 9 ஆகிவிட்டால் 16இலிருந்து கழித்து 5ஐப் பெற முடியாதல்லவா? இதே காரணத்தால் அன்றாடம் மாறும் மதிப்பெண் பட்டியலுக்கு இந்த முறை பொருந்தாது. அதற்குத் தினமும் தனி நகல் எடுங்கள்.

பள்ளிக்கு இரண்டு பரிந்துரைகள். ஒன்று, கணினி அருகே ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், டிஃப் காட்டிய எண்ணிக்கைகள், சிங்க் செய்தவர் பெயர் ஆகிய மூன்றும் போதும். இரண்டு, பருவத்துக்கு ஒரு முறை ஒத்திகை பாருங்கள். ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கி, சிங்க் செய்து, அதை நீக்கி, ஃபிக்ஸ் கொடுத்து மீட்டுப் பாருங்கள். தீயணைப்பு ஒத்திகை போல, தேவைப்படும் நாளில் கை பதறாது.

ஒரே அலமாரியில் உள்ள நான்கு தட்டுகளையும் இடியும் திருட்டும் ஒன்றாகவே கொண்டுபோகும். அவற்றிலிருந்து பேரிட்டி காக்காது. மீண்டும் எடுக்க முடியாதவற்றுக்கு மட்டுமாவது ஒரு நகலை வேறு கட்டடத்தில் வையுங்கள். எவை மீண்டும் எடுக்க முடியாதவை என்ற பட்டியலை இந்த வாரமே தயாரியுங்கள். அதில் குழந்தைகளின் குரல் முதலிடத்தில் இருக்கட்டும்.