வலிப்பு மருந்தும் நம் கடமையும்

(கோத்தா திங்கி வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



காக்காய் வலிப்பு என்று நாம் கூறும் நோய் பேயினாலோ தெய்வக் குற்றத்தினாலோ வருவதன்று, பிறருக்குத் தொற்றுவதுமன்று. மூளையில் திடீரென எழும் மிகையான மின் துடிப்பே அதற்குக் காரணம். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களுள் பத்துக்கு ஏழு பேர் வலிப்பின்றி வாழ இயலும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

1912இல் பினோபார்பிட்டாலும் 1938இல் பெனிடோயினும் இந்நோய்க்குப் பயன்படலாயின. பின்னர்க் கார்பமஸெப்பின், சோடியம் வல்புரோயேட் முதலியன வந்தன. இவை வலிப்பு வராமல் தடுப்பவை. நோயை வேரோடு களைபவை அல்ல. ஆதலால் நாள் தவறாது உண்ண வேண்டும். கார்பமஸெப்பின் முக நரம்பு வலிக்கும், வல்புரோயேட் ஒற்றைத் தலைவலிக்கும் சில மனநோய்களுக்கும் தரப்படுவதுண்டு. ஆயினும் நோய்க்கும் ஆளுக்கும் ஏற்ப அளவு மாறும். ஒருவர் மாத்திரையை மற்றவர் உண்ணலாகாது.

இம்மருந்துகளுக்குப் பக்க விளைவுகள் உண்டு. தொடக்கத்தில் தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் தோன்றலாம். பெனிடோயினால் ஈறு தடிக்கலாம். வல்புரோயேட் உடல் எடையைக் கூட்டலாம். கருவிலுள்ள குழந்தைக்கும் ஊறு செய்யலாம். ஆகவே பெண்கள் கருத்தரிக்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். கார்பமஸெப்பின் சிலருக்குத் தோலை உரிக்கும் கொடிய ஒவ்வாமையைத் தரும். அதற்கும் ஒரு மரபணுக் கூறுக்கும் உள்ள தொடர்பை 2004இல் தைவான் ஆய்வாளர் கண்டனர். அக்கூறு நம் நாட்டு மக்களிடையேயும் உண்டு. புதிய மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, வாய்ப்புண் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு விரைக.

பக்க விளைவுக்கு அஞ்சியோ, 'வலிப்பு நின்றுவிட்டதே' என்றெண்ணியோ மருந்தைத் தாமே நிறுத்துவோர் உளர். திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாது தொடர்ந்து உயிரையே பறிக்கக்கூடும். மருந்தை மாற்றுவதும் படிப்படியாகக் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. தொல்லையை அவரிடம் எடுத்துரைப்பது நம் பொறுப்பு.

விடியுமுன் பால்வெட்டுக்கு எழுவோர் இரவில் நேரத்தோடு உறங்குக. உறக்கக் குறைவும் சம்சுவும் வலிப்பைத் தூண்டும். வலிப்புள்ளோர் ஆற்றிலோ அருவியிலோ தனியே குளித்தல் கூடாது. வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பதாற் பயனில்லை. வாயில் எதனையும் திணிக்காமல் ஒருக்களித்துக் கிடத்துக. 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மாத்திரை தீருமுன்பே மறுபடியும் பெற்றுவருவோம். வலிப்புள்ளோரை ஒதுக்காமல், அவர் மருந்துண்ணத் துணை நிற்போம்.